சாகப் போகிறவரை ஏன் கொல்ல வேண்டும்?

கேள்வி: ஷேர்லொக் ஹோம்ஸ் திருகோணமலையில் ஒரு வழக்கைத் தீர்த்ததாகக் கோனன் டொயில் எழுதியிருக்கிறார். அந்த உற்சாகத்தில் நானும் ஒரு துப்பறியும் கதை எழுதினேன். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, இரத்தச் சுத்திகரிப்பையும் நிறுத்திவிட்டு, பத்து நாளில் இறக்கப் போகும் ஒரு மேதை. உப்புவெளியில் தனியாக இருக்கிறார். தாதி வேடத்தில் வரும் கொலைகாரியை உள்ளுணர்வால் இனங்கண்டு, கடலில் சூரியன் மறையும் வேளையில் எல்லா உண்மையையும் சொல்லிவிட்டு உயிர்விடுகிறார். வாசித்தவர்கள் மனதைத் தொடவில்லை என்கிறார்கள். கதையை இணைத்திருக்கிறேன். எந்த இடத்தில் இன்னும் உருக்க வேண்டும்?
– வாசகர், உப்புவெளி

பதில்: எந்த இடத்திலும் வேண்டாம். உருக்கம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. கதையில் இல்லாதது நோய். முதல் பக்கத்தில் சிறுநீரகம் போய்விட்டது என்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சொறியவில்லை, விக்கவில்லை, பேச்சின் நடுவே கண்ணயரவில்லை. பத்தாம் நாள் நான்கு பக்கத்துக்கு மூச்சுவிடாமல் பேசி வழக்கை அவிழ்க்கிறார். அந்த நிலையில் இருப்பவரால் நான்கு வசனம் தொடர்ந்து பேச முடியாது.

ஊர்த் திருத்தத்தை முதலில் முடித்துவிடுவோம். உப்புவெளிக் கடல் கிழக்குப் பார்த்தது. அங்கே சூரியன் உதிக்கும், மறையாது. ஆறாம் பக்கத்தில் கடல் வற்றிப் பெருகி, முற்றத்துக் காலடித் தடத்தை அழிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. முற்றம் வரை தண்ணீர் வராது. தடத்தை அழிக்க வேண்டுமானால் கச்சான் காற்று இருக்கிறது. அது மணலை வாரி இறைத்து ஒரு மத்தியானத்திலேயே வேலையை முடித்துவிடும்.

டொயில் திருகோணமலைக்குத் தந்தது ஒரே ஒரு வரிதான். 1891இல் வந்த முதல் ஹோம்ஸ் சிறுகதையில், அட்கின்சன் சகோதரர்களின் துயரச் சம்பவத்தை அவர் அங்கே தீர்த்துவைத்தார் என்று போகிறபோக்கில் சொல்லப்படுகிறது. அந்த வழக்கு எழுதப்படவேயில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய 1913ஆம் ஆண்டுக் கதை ஒன்றை. அதில் ஹோம்ஸ் சாகக் கிடப்பவராக நடிக்கிறார். மூன்று நாள் அன்னம் தண்ணீர் இல்லை. நெற்றியில் வாசலின், கண்ணுக்குள் கண்மணியை விரிக்கும் பெலடோனா மருந்து, கன்ன எலும்பின் மேல் சிவப்புப் பூச்சு, உதட்டைச் சுற்றித் தேன்மெழுகுப் பொருக்கு. இவ்வளவும் செய்துவிட்டு, நண்பர் வட்சனைக் கட்டிலுக்குக் கிட்ட வரவிடாமல் விரட்டுகிறார். வட்சன் வைத்தியர், கையைப் பிடித்தால் நாடியும் காய்ச்சலும் பொய்யைக் காட்டிவிடும். நான்கு யார் தூரத்தில் நின்றால்தான் ஏமாற்றலாம் என்பது ஹோம்ஸின் கணக்கு. டொயில் மருத்துவம் படித்தவர். எந்தத் தூரத்தில் எது தெரியும், எது தெரியாது என்பதிலேயே கதையைக் கட்டிவிட்டார். உங்கள் கதைக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

நோயை நன்றாகத்தான் தெரிந்தெடுத்திருக்கிறீர்கள். பதவிசிறிபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் வதைபடுகின்றன என்பது உங்கள் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பத்து நாள் என்பதும் பொருந்துகிறது. சிறுநீர் அறவே வராதவர் சுத்திகரிப்பை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரம். கொஞ்சம் வந்துகொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். இந்த நாட்களில் கழிவும் நீரும் உடம்பிலேயே தங்கும். அரிப்பு, வாயில் உலோகச் சுவை, கால் வீக்கம். நுரையீரலில் நீர் கோத்தால் நிமிர்ந்து படுக்க முடியாது, தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்துதான் தூக்கம். கையை நீட்டி விரலை விரித்தால் மணிக்கட்டு தானாக விழுந்து விழுந்து எழும். கடைசியில் நித்திரை மிஞ்சும், நினைவு தப்பும். நீங்கள் அவருக்குக் கொடுக்கும் மோர்பினும் சரியில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அதன் எச்சம் வெளியேறாமல் சேர்ந்து, உடம்பைத் துடிக்கவைக்கும், மயக்கத்தையும் கூட்டும். வைத்தியர்கள் இயன்றவரை அதைத் தவிர்த்து வேறு மருந்து கொடுப்பார்கள்.

நோய் அவருடைய மூளையைத்தான் கடைசியில் தின்னப்போகிறது. அந்தத் தேய்வை மேதை தானே அளக்கட்டும். காலையில் எழுந்ததும் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கட்டும்: 93, 86, 79, 72, 65. வைத்தியர்கள் கவனத்தைச் சோதிக்கும் முறை அது. இரண்டாம் நாள் ஒரே மூச்சில் இரண்டு வரை போய்விடுகிறார். ஐந்தாம் நாள் 79இல் நின்று யோசிக்கிறார். எட்டாம் நாள் 86க்குப் பிறகு 76 என்று எழுதிவிட்டுச் சரியென்று நம்புகிறார். வாசகருக்குப் பிழை தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. தனியாளான ஒரு மேதையின் கடைசி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய எல்லாப் பெருமூச்சையும் விட இந்த 76 பெரியது. வழக்கின் விடையை அவர் ஐந்தாம் நாளுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பத்தாம் நாள் பேச்சை வெட்டுங்கள்.

அடுத்தது தாதி. உள்ளுணர்வால் கண்டுபிடித்தார் என்பது வாசகரை ஏமாற்றுவது. சுத்திகரிப்புச் செய்துகொண்டவரின் ஒரு கையில், பெரும்பாலும் முன்கையில், நாடியையும் நாளத்தையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு இருக்கும். அந்தக் கையில் பிரஷர் பட்டி கட்டக் கூடாது, சுத்திகரிப்புக்குத் தவிர ஊசி போடக் கூடாது, இறுக்கினால் இரத்தம் உறைந்து அடைத்துவிடும். படித்த தாதிக்கு இது பழக்கம், சிகிச்சையை நிறுத்திய பிறகும் அவர் மற்றக் கையைத்தான் கேட்பார். உங்கள் கொலைகாரி கதிரையை இழுத்துப் போட்டு, தழும்பு உள்ள கையிலேயே பட்டியைச் சுற்றட்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் கையைக் கொடுக்கட்டும்.

கொலை முறையையும் மாற்றுங்கள். ஆர்சனிக் வேண்டாம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாகத் தெரியும் காமரங்காய் போதும். சுகதேகிக்கு அளவாகச் சாப்பிட்டால் வெறும் பழம், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு நஞ்சு. அதில் இருக்கும் கரம்பொக்சின் என்ற நரம்பு நஞ்சை 2013இல் அடையாளம் கண்டார்கள். சில மணித்தியாலங்களில் நிற்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு. வீட்டில் சிறுநீரக நோயாளி இருப்பவர்கள் இந்தப் பழத்தையும் சாற்றையும் அறவே தவிர்க்க வேண்டும், இதைக் கதைக்காக மட்டும் நான் சொல்லவில்லை. கதைக்கு வாய்ப்பு எங்கே என்றால், முற்றிய சிறுநீரக நோயிலேயே விக்கலும் வலிப்பும் வரும். எந்த வைத்தியரும் நோயின் முடிவு என்றுதான் நினைப்பார். நோய் தெரிந்தவர் வீட்டுக் கட்டிலில் இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வரைக்கும் விஷயம் போகவே போகாது. ஆகவே விக்கல் தொடங்கிய நேரத்தையும் சாறு குடித்த நேரத்தையும் அவரே குறித்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கொண்டுவரும் இளநீரையும் சேர்த்துவிடுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம், இவர் நிலையில் இருதயத்தையே நிறுத்தக்கூடும். இறந்த பிறகு பொட்டாசியம் உயிரணுக்களிலிருந்து தானாகவே இரத்தத்தில் கசிவதால், பிரேத பரிசோதனையில் அதை நிரூபிப்பது மிகக் கடினம். கொன்றது பழமா, இளநீரா, நோயா என்ற சந்தேகத்தில் ஒரு நிரபராதி மாட்டிக்கொள்ளலாம். அந்த அக்காவைக் காப்பாற்றுவதுதான் அவருடைய கடைசி வழக்கு.

இன்னொன்று, மிக முக்கியமானது. பத்து நாளில் தானாகவே சாகப் போகிறவரை ஒருத்தி ஏன் கொல்ல வேண்டும்? உங்கள் கதையில் பழிவாங்க என்று இருக்கிறது. பழிவாங்க வந்தவள் சும்மா இருந்தாலே போதுமே. அந்தப் பத்து நாளுக்குள் அவர் ஒரு வாக்குமூலம் கொடுக்கப் போகிறார், அது பதிவாகக் கூடாது என்றால் மட்டும்தான் அவசரத்துக்குப் பொருள் உண்டு. நாலாம் நாள் நீதவான் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் சாறு வந்தாக வேண்டும்.

தாதி பட்டி கட்டும் காட்சியை முதல் மூன்று பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். சூரியனை எடுத்துவிடுங்கள். திருத்தி அனுப்பினால் நானே வாசிக்கிறேன்.