இரண்டு தலையணை வைத்துத் தூங்குகிறான் என்றால்

தம்பிக்கு 29 வயது, இரண்டு ஆண்டுகளாக மெத் (மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) புகைக்கிறான், இப்போது மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வெறும் சளி’ என்று அவன் சொல்வதை நம்பாதீர்கள். இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாலையில் காலுறையைக் கழற்றும்போது கணுக்காலில் பள்ளமாகத் தடம் விழுகிறதா என்றும் பாருங்கள். இதயம் தளர்ந்தால் நீர் அங்கேதான் இறங்கும்.

மெத் இரத்த நாளங்களைச் சுருக்கி, அழுத்தத்தை ஏற்றி, இதயத்தை மணிக்கணக்கில் விரட்டுகிறது. எடுத்ததில் பாதி உடலைவிட்டு வெளியேறவே சுமார் 10 மணி நேரம் ஆகும். நாள்பட இதயத் தசை நைந்து விரிந்துவிடுகிறது. இளம் வயதிலேயே மாரடைப்பும் மூளையில் இரத்தக்கசிவும் வந்து இறப்பவர்கள் இருக்கிறார்கள். இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை எடுத்தால் நிலைமை தெரிந்துவிடும். அடியோடு நிறுத்தியவர்களில் பலருக்கு இதயம் ஓரளவாவது தேறியிருக்கிறது. எனவே காலம் கடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

மருத்துவரிடம் மெத் என்றே சொல்லுங்கள். மானத்துக்கு அஞ்சி மறைத்தால் அவர் காரணத்தை வேறெங்கோ தேடுவார்.

நிறுத்தியதும் சில நாள் தூங்கித் தள்ளுவான், எரிந்து விழுவான். பிறகு மனம் இருண்டுபோகும். தற்கொலை எண்ணம் வரக்கூடிய காலம் அது, தனியே விடாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் சிறு பரிசு தரும் சிகிச்சை முறை உண்டு. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் மெத் பழக்கத்துக்கு அதைவிட நன்றாகப் பலன் தந்தது வேறில்லை.

நெஞ்சுவலி, வலிப்பு, உடல் கொதித்துப் பிதற்றல், இவற்றில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.