காப்பகத்தைப் புதுப்பிக்கிறார்கள்: எதில் கையெழுத்துப் போடலாம்?

கேள்வி: எங்கள் தெருவில் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம் உள்ளது. அதைப் புதுப்பிக்கப் போவதாகவும், மக்களிடம் கருத்துக் கேட்டுக் கூட்டம் நடக்கும் என்றும் கவுன்சிலர் சொன்னார். அங்கிருந்து கழிவுநீர் தெருவில் வழிவதுதான் எங்கள் தொல்லை. இதற்கிடையே ஒருவர் வீடு வீடாக வந்து, ஆளுக்கு 500 ரூபாயும் கையெழுத்தும் கொடுத்தால் காப்பகத்தையே வேறு இடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். போடலாமா?
- வாசகி, வடசென்னை

பதில்: போடாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள்.

நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. அதை ஒரு தரகர் மனுவைக் காட்டி நகர்த்திவிட முடியாது. அவர் கொண்டுவரும் தாள்களைப் பாருங்கள். மேலே ஒரு மனு இருக்கும், கீழே வெறும் கட்டம் போட்ட பக்கங்கள் இருக்கும். உங்கள் கையெழுத்து விழுவது அந்தக் கட்டத்தில்தான். நாளைக்கு மேல் பக்கத்தை உருவிவிட்டு வேறொன்றை வைத்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆதார் நகலும் கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

கழிவுநீருக்கு வருவோம். இந்தக் காப்பகங்களில் பல, வேறு உபயோகத்துக்குக் கட்டிய பழைய மாநகராட்சிக் கட்டடங்கள். பகலில் சிலர் வந்து போன இடத்தில் இப்போது ஐம்பது பேர் குளித்து, துவைத்து, சமைக்கிறார்கள். குழாயும் இணைப்பும் மட்டும் பழையபடியே இருந்தால் வழியத்தான் செய்யும். கட்டடம் மாநகராட்சியுடையது, தெருவில் ஓடும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. இவரைக் கேட்டால் அவரைச் சொல்வார், அவரைக் கேட்டால் இவரைச் சொல்வார். ஒரே ஊருக்கு வேலை செய்யும் இரண்டு அலுவலகங்கள் ஒரு பள்ளத்தைச் சேர்ந்து வந்து பார்ப்பதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆகவே கூட்டத்துக்கு வாரியப் பொறியாளரும் வரவேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். அவர் இல்லாத கூட்டத்தில் உங்கள் பிரச்சினைக்குப் பதில் கிடைக்காது.

அடுத்து மதிப்பீடு, அதாவது எந்தெந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்று எழுதும் பட்டியல். 'புதுப்பித்தல்' என்றாலே முகப்பு வளைவு, பளபள டைல்ஸ், சுவரில் ஓவியம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். போட்டோவில் விழுவது அதுதானே! தரைக்கு அடியில் போகும் குழாய் போட்டோவில் விழாது. வழுவழுப்பான டைல்ஸ் போட்ட குளியலறையில் எழுபது வயதுக்காரர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். மதிப்பீட்டின் நகலை மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதில் கழிவுநீர்க் குழாய், கைப்பிடி வைத்த கழிப்பறை, சொரசொரப்பான தரை, ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இதெல்லாம் உள்ளதா என்று பாருங்கள். இடநெருக்கடியைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த வழிகாட்டுதல்படி ஆளுக்கு 50 சதுர அடி வேண்டும். 2,000 சதுர அடி என்றால் 40 பேர். அதற்குமேல் எழுதியிருந்தால் கழிவுநீர் மறுபடியும் உங்கள் வாசலுக்கு வரும்.

அங்கே தங்கியிருப்பவர்களைக் கேட்காமல் இதில் எதையும் முடிவு செய்யக் கூடாது. எந்தக் கதவு சாத்தாது, எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் மூட்டை தூக்குபவரும் பூ விற்பவரும் எப்படி வருவார்கள்? இரவு எட்டு மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் மாதங்களில் அவர்களை எங்கே தங்க வைப்பார்கள், முடிந்ததும் அதே ஆட்களுக்கு இடம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இதைச் சொல்லாமல் காப்பகத்தைக் காலி செய்தால் அவர்கள் நடைபாதைக்குத்தான் போவார்கள்.

உங்கள் தெருவில் இருப்பது பெண்களுக்கான காப்பகம் என்றால் முறையை மாற்ற வேண்டும். கூட்டத்தை உள்ளே நடத்தக் கூடாது. தெருக்காரர்கள் சுற்றிப் பார்க்கப் போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது, கவுன்சிலர் கூட வந்தாலும் கூடாது. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே இருக்கலாம். கூட்டத்தின் பின்னணியில் ஒரு முகம் தெரிந்தாலே அவன் தேடி வர அது போதும். கண்காணிப்பு கேமரா வேண்டும் என்று கேட்பவர்கள் வாசலோடு நிறுத்திக்கொள்ளட்டும், படுக்கும் அறைக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் வேண்டாம். அந்தப் பெண்களின் கருத்தை ஒரு பெண் அலுவலர் தனியாக உட்கார்ந்து கேட்டு, பெயர் போடாமல் பதிவு செய்தால் போதும்.

சரி, உங்கள் கோரிக்கையை ஒரே பக்கத்தில், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, வாரியத்துக்கு ஒன்று. இரண்டின் நகலிலும் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.