செயலியை எடுத்துவிட்டு எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் என் மாமா தக்காளி போடுகிறார். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேரடியாக விற்க ஒரு செயலி செய்ய ஆசை. நண்பர்களோ, ‘இது எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது?’ என்கிறார்கள். நியாயமான விலை கிடைக்கவில்லை என்பதைவிட வேறு என்ன பிரச்சினை வேண்டும்?
செ.

அன்புள்ள செ.,

நியாயமான விலை கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன வேலையைத் தொடங்குவது?

2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஏழை நாடுகளுக்கு மலிவான இன்குபேட்டர், அதாவது குறைமாதக் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி, செய்யக் கிளம்பினார்கள். ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தார். காத்மாண்டு மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறந்ததோ தொலைதூரக் கிராமங்களில். நகரம் வந்து சேர வழியில்லாமல் அங்கேயே இறந்தன. விலையைக் குறைத்திருந்தால் காலிப் பெட்டிதான் ஒன்று கூடியிருக்கும். ‘மின்சாரமில்லாத வீட்டில் குழந்தையின் உடல்சூட்டைக் காப்பது எப்படி?’ என்று கேள்வியை மாற்றினார்கள். ஒருமுறை சூடாக்கினால் சில மணி நேரம் 37 டிகிரி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மெழுகுப் பை கொண்ட ‘எம்ப்ரேஸ்’ உறை அப்படித்தான் வந்தது.

அதற்கு வெகுமுன்பே, 1978-ல், கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க மருத்துவர் எட்கர் ரே குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்துவைக்கும் முறையைத் தொடங்கினார். எந்தக் கருவியும் வேண்டாம்! இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. பிரச்சினையை எழுதும்போது இப்படியொரு விடைக்கும் இடம் இருக்க வேண்டும். ‘செயலி’ என்ற சொல் உள்ளே வந்துவிட்டால் அந்த இடம் போய்விடும்.

உங்கள் மாமாவிடம், ‘செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா?’ என்று கேட்காதீர்கள். உங்கள் மேலுள்ள பாசத்தில் ஆமாம் என்பார். கடைசியாகக் காய் பறித்த நாளைப் பற்றிக் கேளுங்கள். பறிப்புக்கூலி எவ்வளவு, எந்த வண்டியில் போனது, எந்தக் கமிஷன் மண்டி, ஏன் எப்போதும் அதே மண்டி? நடவுக்கு அந்த மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், வெளியே யார் கூட விலை தந்தாலும் அவரால் போக முடியாது. அப்படியானால் அது கடன் பிரச்சினை. எத்தனை பெட்டி போனாலும் அன்றே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் போகிறார் என்றால், அது தேங்கினால் அழுகும் சரக்கின் பிரச்சினை. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

யாருக்கு, எந்த நாளில், என்ன நட்டம், இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்பதை இரண்டு வரியில் எழுதி மாமாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்துவார். திருத்திய வரிகளை எனக்கும் அனுப்புங்கள்.