அரித்த கரையும் வெறுங்கரையும்

அரபி நூலொன்றைத் தமிழாக்கி வரும் வாசகர் ஒருவர், ஜுருஃப், ளஃப்பா, ஷாத்திஉ, ஸாஹில் ஆகிய நான்குக்கும் கையிலுள்ள அகராதி 'கரை' என்றே பொருள் தருவதாகவும், நான்கையும் அவ்வாறே எழுதிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

ளஃப்பாவுக்குத் தாராளமாக எழுதலாம். அது ஆற்றின் இரு பக்கங்களில் ஒன்று, அவ்வளவே. யோர்தான் ஆற்றின் 'மேற்குக் கரை'யும் அரபியில் ளஃப்பாதான். ஆனால் ஜுருஃபை வெறும் கரையென்று எழுதினால் பொருளே கெட்டுவிடும்.

ஜீம், ரா, ஃபா என்ற மூன்றெழுத்து வேர் வாரிக்கொண்டு போவதைச் சொல்வது. மண்வாரிக்கு மிஜ்ரஃபா என்று பெயர். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ரா நகரில் மக்களை வாரிக்கொண்டு போன கொள்ளைநோயை 'ஜாரிஃப்' என்றே வரலாற்றாசிரியர்கள் குறித்தனர். வெள்ளம் அடிமண்ணை அரித்துச் சென்றபின், மேல்மண் மட்டும் பிடிமானமின்றித் துருத்தி நிற்கும் கரைதான் ஜுருஃப். மேலே நிற்பவருக்குத் தரை திடமாகவே தெரியும். பள்ளம் அவர் காலுக்குக் கீழே இருக்கிறது. குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 109ஆம் வசனம், இறையச்சத்தின் மீது அடித்தளமிட்டவரோடு ஒப்பிட்டு, 'ஷஃபா ஜுருஃபின் ஹார்' மீது கட்டியவரைப் பேசுகிறது. ஷஃபா என்பது விளிம்பு, ஹார் என்பது சரியும் நிலையிலுள்ளது. இதை 'ஆற்றங்கரையில் கட்டினார்' என்று பெயர்த்தால் எச்சரிக்கையே மறைந்துவிடும். நம் ஊர்களில் பாதி ஆற்றங்கரையில்தானே இருக்கின்றன! 'அடியரிந்து சரியவிருக்கும் கரையின் விளிம்பில்' என்பது சற்று நீளம்தான், ஆயினும் அதையே பரிந்துரைப்பேன்.

கரைகளோடு சேர்ந்து வரும் வாதி என்ற அரபிச் சொல்லையும் பள்ளத்தாக்கு என்று மட்டும் கொள்ள வேண்டாம். மலைகளுக்கிடையே நீர் அறுத்த தடமும், அதில் ஓடும் நீரும் அதற்குள் அடங்கும். ரஅது அத்தியாயம் 17ஆம் வசனத்தில் மழை பெய்ததும் 'வாதிகள்' தத்தம் அளவுக்கு ஓடுகின்றன, அங்கே ஓடை என்பதே பொருந்தும். ஸ்பெயினின் குவாதல்கிவீர் ஆற்றின் பெயர் 'அல்வாதி அல்கபீர்' என்பதன் திரிபு. அது வறண்ட பள்ளமன்று, பேராறு. வாதியின் ஒரு பக்கச் சரிவுக்கு உத்வா என்ற தனிச்சொல் உண்டு. நபிகள் காலத்துப் பத்ருப் போர் பற்றிய குர்ஆன் வசனத்தில் இரு படைகள் நின்ற இடங்களை அதுவே பிரித்துக் காட்டுகிறது.

ஷாத்திஉ ஆறு, ஓடை, கடல் மூன்றுக்கும் வரும். ஸாஹில் இன்று பெரும்பாலும் கடற்கரைதான். ஆனால் ஆற்றில் விடப்பட்ட குழந்தை மூஸாவின் (மோசேயின்) பேழையை நீர் ஒதுக்கிய இடமும் குர்ஆனில் ஸாஹில் என்றே வருவதால், அங்கே ஆற்றங்கரை என்றே எழுதுங்கள். இக்காலப் புவியியல் நூல்களில் 'ஜுர்ஃப் காரீ' என்று கண்டால் அது கண்டத்திட்டு, அதாவது கடலுக்கடியில் நீளும் கண்டத்தின் ஆழம் குறைந்த விளிம்பு. அங்கே அரிப்பைத் தேட வேண்டாம்.