நாய்க்கு கேன்சர் டாக்டரா?

கேள்வி: நாமக்கல் கால்நடை மருத்துவ காலேஜ்ல பி.வி.எஸ்சி முடிச்சு இன்டர்ன்ஷிப்ல இருக்கேன். செல்லப்பிராணிகளுக்கு வர்ற கேன்சரை மட்டும் பாக்குற டாக்டர் ஆகணும்னு ஆசை. வீட்ல "மனுஷனுக்கே வழியில்ல, நாய்க்கு கேன்சர் டாக்டரா"ன்னு சிரிக்கிறாங்க. எனக்கும் பயம்தான், தினமும் சாவைப் பாத்துட்டு தாங்குவேனா? (பெயர் வேண்டாம்)

பதில்: சிரிக்கட்டும்மா, விடுங்க. மொதல்ல அந்த பயத்துக்கு வரேன். நம்ம ஊர்ல ஒரு டாக்டர் அதிகமா பாக்குற நாய் கேன்சர்ல ஒண்ணு டி.வி.டி (TVT), இணை சேரும்போது நாய்க்கு நாய் தொத்திக்கிறது. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, நாலஞ்சு வாரத்துல பெரும்பாலும் கட்டி கரைஞ்சு போயிடும். அந்த மருந்து நித்தியகல்யாணில இருந்து வர்றது, சுடுகாட்டு மல்லின்னு வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்களே அதே செடி! ஆனா ஊசி நரம்பை விட்டு வெளிய கசிஞ்சா அந்த இடத்து சதையே அழுகிடும், அதனால இந்த வேலைக்கு மனதைரியத்தை விட நரம்பு புடிக்கிற கை முக்கியம்னு நான் சொல்லுவேன்.

எல்லாமே அப்படி முடியாதுதான். லிம்ஃபோமா, அதாவது நிணநீர் கேன்சர் வந்த நாய் வைத்தியம் இல்லன்னா ஒண்ணு ரெண்டு மாசம், நாலஞ்சு மருந்து மாத்தி மாத்தி குடுத்தா சுமாரா ஒரு வருஷம். மனுஷங்களுக்கு மாதிரி கடுமையா குடுக்குறதில்ல, முக்கால்வாசி நாய்ங்களுக்கு முடி கூட கொட்டாது, இருக்குற நாள்ல வாலாட்டிட்டு சாப்பிடணும், அவ்ளோதான் கணக்கு.

எனக்கு கஷ்டமா இருந்தது சாவு இல்ல, மேஜைக்கு அந்தப்பக்கம் நிக்கிற ஆளு. ஒரு ஆட்டோக்காரர் வயசான பொட்ட ஸ்பிட்ஸ தூக்கிட்டு வந்தார், அதோட பால்மடியில எலுமிச்சம்பழம் சைஸ்ல கட்டி, ஒரு வருஷமா மஞ்ச வெச்சு கட்டிருக்காங்க. (முதல் ஹீட்டுக்கு, அதாவது பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடி கருத்தடை பண்ணிருந்தா அநேகமா வந்தே இருக்காது, அதை அப்ப சொல்லி என்ன பிரயோஜனம்.) நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தா நுரையீரல் பூரா பரவிருக்கு. நான் ஆபரேஷன், செலவு, எத்தனை மாசம்னு பத்து நிமிஷம் பேசிட்டேன். அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு "இப்ப அதுக்கு வலிக்குதா சார்?"னு மட்டும் கேட்டார். நான் அதைச் சொல்லவே இல்ல! அன்னிலேர்ந்து வலியைப் பத்தித்தான் மொதல்ல பேசுறேன்.

படிப்புக்கு வந்தா, மெடிசின் இல்லன்னா சர்ஜரில எம்.வி.எஸ்சி போங்க, 2 வருஷம். என்னைக் கேட்டா சர்ஜரி, ஏன்னா பாதி கேன்சருக்கு கத்திதான் மருந்து. அமெரிக்கால ஆன்காலஜி (கேன்சர் வைத்தியம்) ரெசிடென்சி பயிற்சியே தனியா 3 வருஷம், அதை அப்புறம் யோசிக்கலாம். வீட்ல சம்பளத்தைத்தான் சிரிப்பா கேக்குறாங்கன்னு நெனைக்கிறேன், கேன்சர் மட்டும் பாத்து சின்ன ஊர்ல கிளினிக் ஓடாது, தடுப்பூசியும் போடணும் உண்ணியும் பாக்கணும், அதை அவங்ககிட்ட ஒளிக்காம சொல்லிடுங்க.

அடுத்த டி.வி.டி நாய் ஓ.பி.க்கு வந்தா சீனியர்கிட்ட கேட்டு க்ளவுஸ் மாட்டிட்டு நீங்களே நரம்பு புடிங்க. எப்படி போச்சுன்னு எழுதுங்க.