பையன் டைம் குறையல, முட்டி வேற வலிக்குது

இப்போதைக்கு ஓட்டத்தைக் கூட்டாதீங்க, குறைங்க. 13 வயசுப் பையன் ஆறு மாசமா 100 மீட்டர்ல அதே டைம்லயே நிக்கிறான், முட்டிக்குக் கீழ வலிக்குதுங்கிறான், கோச் காலைல இன்னொரு செஷன் போடச் சொல்றார்னு எழுதியிருக்கீங்க, அந்த செஷன் வேணாம்.

அனேகமா வளர்ச்சி தான் காரணம். பசங்க 13, 14 வயசுல வருஷத்துக்கு 8லேருந்து 10 செ.மீ. வரைக்கும் கிடுகிடுன்னு வளருவாங்க, கை கால் திடீர்னு நீளும்போது பழகின ஸ்டெப்பே தடுமாறும், டைமும் நின்னுடும், திறமை போயிடுச்சுன்னு அவன்கிட்ட தயவுசெஞ்சு யாரும் சொல்லிடாதீங்க.

மாசம் 1ஆம் தேதி காலைல செருப்பில்லாம சுவத்தோட நிக்க வச்சு பென்சில்ல கோடு போடுங்க. மூணு மாசத்துல 2 செ.மீ.க்கு மேல ஏறுச்சுன்னா இதான் விஷயம். அப்புறம் முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்கிற எலும்பு மேட்டைக் கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க, அங்க மட்டும் சுள்ளுன்னு வலிச்சா ஆஸ்குட் ஷ்லாட்டரா (வளர்ற வயசுல ஓடி ஆடுற பசங்களுக்கு அந்த எலும்பு மேட்டுல வர்ற வலி) இருக்கலாம், குதிக்கிறதையும் ஸ்பிரின்ட்டையும் குறைச்சாலே பெரும்பாலும் அடங்கிடும், ஆனா சில மாசம் ஆகும். அதுவரைக்கும் நீச்சலுக்கு அனுப்புங்க.

ராத்திரி வலிச்சு எழுந்தாலோ, முட்டி வீங்கினாலோ, நொண்டினாலோ மட்டும் காத்திருக்காதீங்க, எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க.