லினக்ஸ் நுழைவாயிலுக்கு எந்தப் பெட்டி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லினக்ஸ் ஓடும் கணினியை வீட்டு இணையத்தின் நுழைவாயிலாக, அதாவது ரவுட்டராக, வைப்பது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த புராசசர் வாங்கலாம்?" என்றே தொடங்குகின்றன. வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பிணைய அட்டை (நெட்வொர்க் கார்டு), மின்சாரம், வெப்பம் ஆகிய மூன்றும்தான் பெட்டியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், டியூஷன் நிலையம் நடத்துபவர்): அண்ணா, பழைய ஐ5 மேசைக்கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. 500 எம்பிபிஎஸ் இணைப்பு. அதையே ரவுட்டர் ஆக்கிவிடலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?

ஆக்கலாம். 500 எம்பிபிஎஸ் அதற்குப் பெரிய சுமையே இல்லை. இரண்டாவது பிணைய அட்டை ஒன்று செருகினால் போதும். ஆனால் ரவுட்டர் இரவும் பகலும் ஓடுகிற பொருள். சராசரியாக 50 வாட் இழுக்கும் கணினி ஆண்டுக்கு 438 யூனிட் மின்சாரம் சாப்பிடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் இன்டெல் என்100 புராசசர் கொண்ட சிறுபெட்டி 10 வாட் அளவில் நின்றால் 88 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். வேறுபாடு 350 யூனிட். அதை உங்கள் பில் கட்டணத்தோடு பெருக்கிப் பாருங்கள், எத்தனை ஆண்டில் புதுப்பெட்டியின் விலை திரும்பும் என்று தெரிந்துவிடும். இப்போதைக்குப் பழையதில் நிறுவிப் பழகுங்கள். பிடித்திருந்தால் அமைப்புக் கோப்புகளைப் புதுப்பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். இடைமுகப் பெயர்களை மட்டும் திருத்த வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. நம்ப முடியாத மலிவில் விற்கும் நான்கு துளை (பிணையக் கம்பி செருகும் இடம்) கொண்ட இன்டெல் ஐ350 அட்டைகளில் போலிகள் நிறைய. கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா போன்ற கணினிக் கடைத்தொகுதியில் நேரில் பார்த்து, திருப்பித் தரலாம் என்ற வாக்குறுதியோடு வாங்குவது நல்லது.

கேள்வி (பட்டர்வொர்த், கல்லூரி மாணவர்): என்னிடம் ராஸ்பெரி பை 3பி+ (உள்ளங்கை அளவுக் கணினி) இருக்கிறது. போதுமா அண்ணா?

படிக்கப் போதும் தம்பி, வீட்டுக்குப் போதாது. அதன் கம்பித் துளை உள்ளே யூஎஸ்பி 2 வழியாகத்தான் போகிறது. 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் நகராது. 2019இல் வந்த பை 4இல் அந்தக் குறை இல்லை. ஆனால் அதிலும் துளை ஒன்றுதான். இரண்டாவதற்கு யூஎஸ்பி 3 அடாப்டர் வேண்டும், அல்லது விலேன் (ஒரே கம்பியில் பல தனிப் பிணையங்களை ஓட்டும் முறை) பிரிக்கத் தெரிந்த சுவிட்ச் வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் என்100 பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எஸ்டி கார்டில் பதிவுகளை எழுதிக்கொண்டே இருந்தால் அதுவும் தேய்ந்துவிடும்.

கேள்வி (செலாயாங்): 1 ஜிகாபிட் யூனிஃபை (டெலிகாம் மலேசியாவின் இணைய இணைப்பு) எடுத்தேன். என் லினக்ஸ் பெட்டியில் 600 எம்பிபிஎஸ்தான் வருகிறது. புராசசரின் நான்கு கோர்களில் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில்) ஒன்று மட்டும் நூறு சதவீதம் ஓடுகிறது, மற்றவை தூங்குகின்றன. புராசசர் போதவில்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. புராசசர் போதவில்லை என்பதைவிட, வேலை பிரித்துக் கொடுக்கப்படவில்லை என்பதே சரி.

யூனிஃபை இணைப்பு விலேன் 500இன் மேல் பிபிபிஓஇ முறையில் வருகிறது. அதாவது ஒவ்வொரு பொதியும் (இணையத்தில் போகும் தரவுத் துண்டு) இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்பப்படுகிறது. பல வரிசைகள் கொண்ட பிணைய அட்டை, உள்வரும் பொதிகளின் ஐபி முகவரியையும் போர்ட்டையும் பார்த்து வெவ்வேறு கோர்களுக்கு அனுப்பும். உறை மூடியிருந்தால் பெரும்பாலான அட்டைகளுக்கு உள்ளே இருப்பது தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் தள்ளிவிடும். ஒரு கோர் மூச்சு வாங்கும்.

லினக்ஸில் இதற்கு வழி இருக்கிறது. ஆர்பிஎஸ் என்ற கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வசதி அந்த உறையைப் பிரித்துப் பார்த்து, மென்பொருள் மட்டத்திலேயே கோர்களுக்குப் பங்கிடும். இணைய இணைப்பு செருகியுள்ள துளையின் உள்வரும் வரிசையில் அதை இயக்குங்கள். போக்குவரத்தைச் சீர்படுத்தும் கேக் போன்ற நிரல் ஓடினால் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள், அதுவும் நிறைய விழுங்கும். 1 ஜிகாபிட் துளையில் எப்படியும் 940க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு இதிலிருந்து ஒரு சேதி: பிபிபிஓஇ இணைப்பென்றால் எட்டு மெதுவான கோர்களைவிட நான்கு வேகமான கோர்கள் மேல்.

கேள்வி (ஜார்ஜ்டவுன், உணவக உரிமையாளர்): ஐயா, ஒரே பெட்டியில் ஃபயர்வால், கோப்புச் சேமிப்பு, கேமராப் பதிவு, இணையப் பக்கங்களைச் சேமித்துத் தரும் கேஷ் எல்லாம் வைக்கலாமா? ஒரு செலவில் முடிந்துவிடுமே.

முடியும், ஆனால் நான் வைக்க மாட்டேன். இணையத்தை நேரே பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டியில் கணக்குப் புத்தகம் இருக்கக் கூடாது. வட்டு கெட்டால் கேமராப் பதிவு மட்டுமே போக வேண்டும். கூடவே கல்லாவின் கார்டு இயந்திரமும் நின்றால் மதிய நேரத்தில் உங்கள் கடையில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நுழைவாயிலில் ஃபயர்வால், டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடுவது), டிஎச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி தருவது), விபிஎன் (வெளியிலிருந்து உள்ளே வரும் பாதுகாப்பான வழி) இருக்கட்டும். மற்றவை உள்ளே வேறொரு கணினியில். அதற்கு உங்கள் பழைய கணினியே போதும்.

கேஷ் யோசனையை மறந்துவிடுங்கள். இன்றைக்கு ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ்ஸில் (பூட்டிய இணைப்பில்) இருப்பதால், நடுவில் நிற்கும் பெட்டியால் எதையும் சேமிக்க முடியாது. பழைய வழிகாட்டிகளில் இருக்கிறதே என்று இதற்காகப் பெரிய வட்டு வாங்குபவர்களை இன்னும் பார்க்கிறேன். கேமராவுக்கு வட்டு வாங்கும்போது, கண்காணிப்புக்கென்றே விற்கும் வகையை எடுங்கள். தரவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் முறை வட்டுகள் இடைவிடாத எழுத்தில் திணறும்.

கேள்வி (செந்தூல்): ரியல்டெக் துளை வேண்டாம், இன்டெல்தான் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

லினக்ஸ் அல்லாத எஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடும் பிஎஃப்சென்ஸ் ரவுட்டர் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களிடமிருந்து வந்த அறிவுரை அது, அங்கே நியாயமானது. லினக்ஸில் 2.5 ஜிகாபிட் ரியல்டெக் 8125 சில்லுக்கு 5.4 கர்னலிலிருந்து ஆதரவு உண்டு. இன்டெல்லிலும் எல்லாம் தங்கம் இல்லை: ஐ225 சில்லின் முதல் பதிப்பில் 2.5 ஜிகாபிட் வேகத்தில் பொதிகள் தொலையும் குறை இருந்தது. ஒரே விலையென்றால் ஐ226 எடுங்கள். அதிகப்படியாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (பாலிக் புலாவ்): போன மழைக்காலத்தில் இடி விழுந்து ரவுட்டர் போய்விட்டது. ஃபைபர் என்றால் மின்னல் வராது என்றார்களே?

கண்ணாடி இழை வழியாக வராது. சுவரிலுள்ள மின்செருகி வழியாக வரும். அதைவிட, வீட்டிலிருந்து பின்பக்கக் கொட்டகைக்கோ அடுத்த கட்டடத்துக்கோ வெளியே இழுத்த செம்புக் கம்பி வழியாக வரும். அந்தக் கம்பியை ஃபைபராக மாற்றுங்கள். இருபுறமும் மாற்றிகள் வைத்தால் போதும், பெரிய செலவில்லை. மின்பக்கத்துக்கு எழுச்சித் தடுப்பானும் யூபிஎஸ்ஸும். 12 வோல்ட்டில் ஓடும் பெட்டியானால் உள்ளங்கை அளவு டிசி யூபிஎஸ்ஸே தாங்கும். வாங்கும் முன் ஆம்பியர் அளவு பொருந்துகிறதா பாருங்கள். விசிறி இல்லாத பெட்டியை அலமாரிக்குள் பூட்டாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அது அடுப்பாகிவிடும்.

கேள்வி (பலர்): ரேம் எவ்வளவு? வைஃபை கார்டு உள்ளேயே போடலாமா?

4 ஜிபி போதும். சூரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்காணிப்பு வேண்டுமென்றால் 8. வைஃபை உள்ளே வேண்டாம். தனி அக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் பரப்பும் கருவி) வாங்கி வீட்டின் நடுவில் மாட்டுங்கள்.

கேள்வி (ஜோகூரில் வேலை பார்ப்பவர், வீடு செராஸில்): வீட்டுக் கோப்புகளை வெளியிலிருந்து எடுக்க விபிஎன் வேண்டும். அதற்கென்று வலுவான பெட்டி தேவையா?

தேவையில்லை. ஒயர்கார்டு என்ற விபிஎன் 2020 முதல் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. என்100 அதைச் சிரமமில்லாமல் ஓட்டும். இன்னொரு விபிஎன்னான ஓபன்விபிஎன்தான் வேண்டுமென்றால் ஏஇஎஸ் முடுக்கம் (தரவைப் பூட்டித் திறப்பதை வேகப்படுத்தும் வசதி) உள்ள புராசசரா என்று பாருங்கள். பெட்டி வாங்குவதற்கு முன், இப்போதுள்ள ரவுட்டரில் உங்கள் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் இணைய நிறுவனம் பலருக்கும் சேர்த்துப் பகிரும் ஒரே முகவரிக்குப் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள். எந்தப் பெட்டி வாங்கினாலும் வெளியிலிருந்து ஐபிவி4இல் (பழைய ஐபி முகவரி முறையில்) நேரே நுழைய முடியாது. முதலில் இணைய நிறுவனத்தை அழைத்து, உங்களுக்கு மட்டுமான வெளிமுகவரி கேளுங்கள்.